புகைப் படம்

ஜனவரி 21, திங்கள்

நாகப்பட்டினம் வந்து இறங்கிய முதல் நாளே எரிச்சல். காட்சிக்கூடத்தில் எனக்கென்று ஒதுக்கிய அறை முழுக்க உடைந்த நாற்காலிகள். நான் சரிசெய்ய வந்த ஓவியத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது வருஷத்துப் படம், அதன் மேல் எவனோ குளித்த துண்டு.

ஓடிவந்து துண்டை எடுத்தவர் சவரிநாதன். இங்கே இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. "நேத்துதாங்க மேடம் கீழ எறக்குனோம். சொவத்துக்கு வெள்ளையடிக்கிறவங்க போட்டுட்டாங்க" என்றார். யார் போட்டால் என்ன, பார்த்துக்கொள்ள வேண்டியது இவர்தானே.

படம் பெரிது, ஆறடிக்கு நாலடி. வரைந்தவர் யாரென்று தெரியாது. முதன்முதலில் இந்தப் பக்கம் இரயில் வந்த காலத்தில் எவரோ ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வரைந்ததாகச் சொல்கிறார்கள். கீழே நீராவி இஞ்சின், பின்னால் மூன்று பெட்டிகள். தண்டவாளத்தின் ஓரம் இரண்டு மாடு, குடையோடு ஒரு ஆள், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண். மேலே பாதிப் படம் ஒரே பழுப்பு. வார்னிஷ் பழுத்து, அதன் மேல் விளக்குக் கரியும் தூசியும் படிந்து, வானம் இருந்த இடமே தெரியவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி திறப்பு விழா. அறக்கட்டளைச் செயலாளர் வேதரத்தினம் போனில் மட்டும் பேசினார். மகளைப் பார்க்கத் துபாய் போயிருக்கிறாராம். "வானம் பளிச்சுன்னு இருக்கணும் மேடம்" என்றார். சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்ட மாதிரி.

அரசு அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். நானாகத்தான் விலகினேன். என் கோபத்தைப் பற்றி எவளோ புகார் எழுதியதால் அல்ல. இந்த ஒரு படம் நன்றாக வந்தால் போதும், தில்லைநாயகியின் கை என்னவென்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியும்.

ஜனவரி 23, புதன்

பழைய பதிவேட்டைக் கேட்டதற்கு ஒன்றரை நாள் கழித்து வந்தது. 1911இல் முதல் காப்பாளர் தன் கையாலேயே எழுதியது. நல்ல எழுத்து. ஆனால் நம் ஓவியம் அதில் இல்லவே இல்லை. ஓவியங்கள் என்ற தலைப்பில் ஏழு படம், ஏழும் சாமி படம்.

சவரிநாதன் இன்னொரு பக்கத்தில் விரலை வைத்தார். "புகைப்படம் ஒன்று. இரயில் வண்டி. கூடத்து மேற்குச் சுவர். துடைக்கலாகாது" என்று இருந்தது.

"மேடம், இது நம்ம படத்தத்தான் சொல்றாங்களோ? இதுவும் மேக்குச் சொவத்துலதான் கெடந்துச்சு."

"புகைப்படம்னு போட்டிருக்கு. போட்டோ. அது தொலைஞ்சு போயிருக்கும். இது எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"இல்லீங்க மேடம், தொடைக்கக் கூடாதுன்னு இருக்கே, அதுக்குச் சொன்னேன்."

இருபத்திரண்டு வருஷம் ஓவியங்களோடு இருந்த மனுஷனுக்குப் போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

ஜனவரி 25, வெள்ளி

கரைசல் கலந்து மூலையில் சோதித்துப் பார்த்தேன். ஒரு பங்கு எரிசாராயத்துக்கு நாலு பங்கு டர்பன்டைன். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, தொட்டு, மெல்ல உருட்டினால் வார்னிஷ் மஞ்சளாகப் பஞ்சில் ஏறுகிறது. அடியில் சாயம் அசையவில்லை. சரியான கலவைதான், ஆனால் ஆமை வேகம்.

சவரிநாதனிடம் ஒரு கிறுக்குப் பழக்கம். உபயோகித்த பஞ்சைத் தூக்கிப் போடாமல் அந்தந்த நாள் பஞ்சை ஊறுகாய்ப் புட்டியில் போட்டு, மேலே தேதி ஒட்டி, அலமாரியில் அடுக்குகிறார். எனக்கு முன்னால் வந்த எவரோ சொல்லிக்கொடுத்தாராம். நல்ல பழக்கம்தான். ஆனால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

மாலையில் வேலைத்தாளை நீட்டினார். அன்றன்று என்ன கலவை, எந்த இடம், யார் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தாள். "அப்புறம் மொத்தமாப் போட்டுக்கலாம்" என்றேன். கிளம்பும் நேரத்தில் கணக்குப்பிள்ளை வேலை.

ஜனவரி 28, திங்கள்

நாலு நாளில் உள்ளங்கை அளவுதான் வெளுத்திருக்கிறது. இப்படியே போனால் அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும். கலவையைக் கூட்டச் சொன்னேன். ஒன்றுக்கு நாலு வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாகக் கலங்கள் என்றேன்.

சவரிநாதன் கலக்காமல் நின்றார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. எங்கப்பா இஞ்சின்ல கரி அள்ளிப் போட்டவரு. தெனம் அவர் துணிய எங்கம்மா தொவைக்கும்போது பாத்திருக்கேன். படிஞ்ச கரி ஒரு மாதிரி இருக்கும், போற புகை வேற மாதிரி. இந்தப் படத்துல மேல இருக்குறது படிஞ்சதாட்டம் தெரியல. போறதாட்டம் இருக்கு."

"அதனால?"

"இந்தப் பொம்பளயப் பாருங்க. எதுக்கு மொகத்த மூடுது? கண்ணுல கரி விழுந்துரும்னுதான். அந்தாளும் பாருங்க, மழையில்ல வெயிலில்ல, கொடையச் சாச்சுப் புடிச்சிருக்காரு. புகையில்லாட்டி எதுக்குங்க அது?"

அப்பா கரி அள்ளினாராம், அதனால் மகன் எனக்கு ஓவியம் சொல்லித்தருகிறார். "உங்கப்பா அள்ளினது கரி. நான் அள்ளுறது வார்னிஷ். கலக்குங்க" என்றேன். கலந்தார். கூடத்தில் இரண்டு வெள்ளையடிப்பவர்கள் இருந்தார்கள். கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

ஒன்றுக்கு இரண்டு அற்புதமாக வேலை செய்கிறது. வானத்தை நானே துடைத்தேன், இவரை நம்பி விடவில்லை. ஒரே நாளில் இஞ்சினுக்கு மேலே முழுவதும் போய்விட்டது. அடியில் என்ன ஒரு நீலம். பஞ்சு மட்டும் மஞ்சளாக இல்லாமல் சாம்பல் நிறமாக வந்தது. அவ்வளவு அழுக்கு.

சவரிநாதன் தாளை நீட்டினார். அப்புறம் என்றேன்.

ஜனவரி 29, செவ்வாய்

இன்று அவர் பேசவில்லை. நிம்மதி.

பிப்ரவரி 4, திங்கள்

முடிந்தது. புது வார்னிஷ் ஒரு பூச்சு பூசியாயிற்று. வானம் மார்கழிக் காலை மாதிரி இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரி ஆசிரியைகள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள். செல்போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார்கள்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. இஞ்சின் நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியவில்லை. மாடு இரண்டும் மிரண்டு திரும்புகின்றன, எதைப் பார்த்து என்று தெரியவில்லை. வரைந்தவருக்கு அவ்வளவுதான் கை. அந்தக் காலத்து இஞ்சினியர்தானே, ஓவியரா என்ன.

பிப்ரவரி 6, புதன்

வேதரத்தினம் துபாயிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். அப்புறம், "புகை எங்கம்மா?" என்றார்.

"எந்தப் புகை?"

"இஞ்சின்லேருந்து போகும். இந்த மூலை வரைக்கும் போகும். எங்கப்பா என்னை இங்க கொண்டாந்து நிறுத்துவாரு, நான் அந்தப் புகையப் பாத்து அழுவேன். வீட்ல எல்லாரும் சொல்லிச் சிரிப்பாங்க. அந்தப் புகை எங்க?"

சுத்தம் செய்வதற்கு முன் செல்போனில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். பழுப்புதான் தெரிகிறது பாருங்கள், அதெல்லாம் அழுக்கு என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, செல்போனை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். பிறகு அதை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். பழுப்புக்குள் ஒரு கருமை இஞ்சின் குழாயில் தொடங்கி, சரிந்து, பெண்ணின் தலைக்கு மேலே போய் விரிந்திருந்தது.

நூறு தடவை பார்த்த போட்டோ. சனியன், இன்றைக்குத்தான் அது கண்ணில் படுகிறது.

பிப்ரவரி 7, வியாழன்

செயலாளர் அறையில் விசாரணை மாதிரி ஒன்று. எப்படிப் போயிற்று என்று கேட்டார். அந்தக் காலத்தில் சிலர் சாயத்தை வார்னிஷிலேயே குழைத்து மெல்லிசாகப் பூசுவார்கள், கலவை கொஞ்சம் கூடினாலும் வார்னிஷோடு சேர்ந்து அதுவும் கரைந்துவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப கலவை கூடிப்போச்சு."

"ஆமாம்."

"கலந்தது யாரு?"

"சவரிநாதன்."

பொய் சொல்லவில்லை. கலந்தது அவர்தான்.

சவரிநாதன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். வேதரத்தினம், "என்ன சவரி, நீ பாட்டுக்கு ஊத்திட்டியா?" என்றார். சவரிநாதன் பதில் சொல்லவில்லை. வேலைத்தாளைக் கேட்டார்கள். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து ஒரு தாளிலும் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத தாளில் இவர் என்ன எழுதி வைத்தாலும் செல்லாது என்று சொல்லிவிட்டார் செயலாளர்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே இந்த மனுஷன்? மேடம்தான் கூட்டச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நான் மறுத்தா இருப்பேன்? அப்படி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

பிப்ரவரி 8, வெள்ளி

சவரிநாதனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை விளக்கக் கடிதம் தர வேண்டும், அதை வைத்து நிரந்தரமாக நீக்குவார்கள். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற வேண்டியவர்.

மத்தியானம் வேதரத்தினம் தனியாக என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புகைதானே மேடம். நீங்களே ஒரு இழுப்பு இழுத்து விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது. சவரி பேரு அறிக்கையில போயிடும், உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது."

என்னால் முடியும். ஒரு நாள் வேலை. அதுதான் எனக்கு ஆத்திரம். எவ்வளவு லேசாக முடியும் என்று எனக்குத் தெரிந்திருப்பதுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்தவர் வரைந்ததன் மேல் தன் தூரிகையை வைப்பவனைவிடத் திருடனே மேல் என்று இருபத்தாறு வருஷம் எல்லோரிடமும் கத்தியவள் நான். யோசித்துச் சொல்கிறேனாம்.

பிப்ரவரி 9, சனி

கூடத்தில் யாருமில்லை. டீ வாங்கிவரக்கூட ஆளில்லை. அலமாரியைத் திறந்தேன். ஊறுகாய்ப் புட்டிகள் வரிசையாக இருந்தன. 25, 26, 28, 29 என்று தொடர்ந்து. மற்றப் புட்டிகளில் பஞ்சு மஞ்சள். 28இல் மட்டும் சாம்பலும் கறுப்பும்.

அந்தப் புட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். விளக்குக் கரி இப்படி இருக்காது, பொடிப் பொடியாகத் திட்டுத் திட்டாக இருக்கும். இது சீராக அரைத்த கறுப்பு, கூடவே வெள்ளைச் சாயம். எவனோ உட்கார்ந்து நிதானமாக அரைத்துக் குழைத்தது.

அன்றைக்கே பார்த்திருக்கலாம். பஞ்சு சாம்பலாக வந்தது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முதல் வருஷ மாணவிகூடப் பஞ்சின் நிறம் மாறினால் கையை எடுத்துவிடுவாள். நான் எடுக்கவில்லை. நீலம் வருகிறதென்று சந்தோஷமாகத் துடைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, திங்கள்

பதிவேட்டைத் திரும்பவும் புரட்டினேன். எதற்கு என்று தெரியாது, கை சும்மா இருக்கவில்லை. அதே காப்பாளர், அதே மசி. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "போட்டோ நாலு. கலெக்டர் துரையும் குடும்பமும்."

போட்டோ. அந்த ஆள் போட்டோவைப் போட்டோ என்றுதான் எழுதியிருக்கிறார். ஐந்து இடத்தில் அப்படித்தான். புகைப்படம் என்று நாம் இன்றைக்குச் சொல்வது அவருக்குத் தெரியவே தெரியாது. சவரிநாதன் அன்றைக்குக் காட்டிய பக்கத்துக்குத் திரும்பினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. புகைப் படம். புகையின் படம். இரயில் படம் என்றுகூட அவர் சொல்லவில்லை. பார்த்தவருக்கு முதலில் தெரிந்தது புகைதான். அதனால்தான் துடைக்கலாகாது என்று எழுதி வைத்தார். நூற்றெட்டு வருஷத்துக்கு முன்னால், எனக்காகவே எழுதிய மாதிரி.

ஒரே ஒரு இடைவெளி. தமிழ் தெரியாத ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. அவள் அகராதி பார்த்திருப்பாள். எனக்கு எல்லாம் தெரியும், அதனால் பார்க்கவில்லை.

சவரிநாதன் கேட்டார். இருபத்துமூன்றாம் தேதி கேட்டார். இருபத்தெட்டாம் தேதி அந்தப் பெண்ணைக் காட்டிக் கேட்டார். இரண்டும் இந்த நோட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 12, செவ்வாய்

முதலிலிருந்து படித்தேன். என்னைப் போல ஒரு ஆளிடம் நான் ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 13, புதன்

சவரிநாதன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, விளக்கக் கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் உட்கார்வதற்குள் நான் இந்த நோட்டைச் செயலாளர் மேசையில் வைத்தேன். படிக்க வேண்டிய பக்கங்களில் காகிதம் செருகியிருந்தேன்.

"கலவையைக் கூட்டச் சொன்னது நான். துடைச்சது நான். இவர் ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னார். அன்னன்னைக்கு எழுதினது, இப்ப எழுதினதில்லை. மசியப் பாருங்க. சந்தேகம்னா வெள்ளையடிக்கிறவங்களையும் கேளுங்க. பஞ்சுப் புட்டியும் இருக்கு. புகைய நான் போட மாட்டேன், வேற யாரையும் போட விடவும் மாட்டேன்."

வேதரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் படித்தார். செருகாத பக்கங்களையும் புரட்டினார்.

"உங்களைப் பத்தியும் எழுதியிருக்கேன்" என்றேன்.

"பாத்தேன். சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்ட மாதிரி" என்றார். சிரிக்கவில்லை. "உங்க பேரு கெட்டுப்போயிடும்மா. இனிமே யாரும் ஒரு படத்தக் கையில தர மாட்டாங்க."

"தரக் கூடாது."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது.

சவரிநாதன், "நான் பாக்கலாங்களா?" என்று நோட்டைக் கேட்டார். நின்றபடியே படித்தார். அவர் அப்பாவைப் பற்றி நான் எழுதிய இடத்தில் விரல் நின்றது. அங்கே ரொம்ப நேரம் நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

"இத அன்னைக்கே எழுதுனீங்களா மேடம்?"

"அன்னைக்கேதான்."

"அப்ப நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துருக்கு."

நோட்டை மூடி மேசையில் வைத்தார். கொண்டுவந்த கடிதத்தைச் சட்டைப் பையில் திரும்பச் செருகிக்கொண்டார். "நாளைலேருந்து வரலாங்களா சார்?" என்று வேதரத்தினத்திடம் கேட்டார். என்னிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருப்பேன்.

பிப்ரவரி 18, திங்கள்

நாளை மறுநாள் திறப்பு. நான் இருக்கப் போவதில்லை, சாயங்காலம் பஸ். படம் மேற்குச் சுவரில் ஏறிவிட்டது. பெண் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள், ஆள் குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறான், மாடுகள் மிரள்கின்றன. வானம் நீலமாக, சும்மா கிடக்கிறது. பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறிவிப்புப் பலகையில் என்ன போடுவது என்று கேட்டபோது நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், என் பெயரோடு. வேதரத்தினம் முகத்தைச் சுளித்தார், ஆனால் ஒரு வரியையும் அடிக்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் 28 என்று தேதி ஒட்டிய ஊறுகாய்ப் புட்டி. அது சவரிநாதனின் யோசனை. "புகை எங்கன்னு கேட்டு வர்றவங்களுக்குக் காட்டணும்ல" என்று செயலாளரிடம் சொன்னாராம்.

கிளம்பும் முன் அறைச் சாவியைக் கொடுக்கப் போனேன். சவரிநாதன் பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நிதானமான கையெழுத்து. "புகை. புட்டி ஒன்று. 28.1.2019 அன்று மேற்குச் சுவர்ப் படத்திலிருந்து துடைக்கப்பட்டது. துடைத்தவர்" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

பை தோளில் இருந்தது, கையில் சாவி. பலகை அச்சாகி வரட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்புறம் என்று வாய் தன்னால் ஆரம்பித்துவிட்டது.

"அப்புறம் வேணாங்க மேடம்" என்று பேனாவை நீட்டினார். "இப்பவே போட்டுருங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.